கிளட்சைப் பிடித்தும் பாய்ந்த மோட்டார்

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை. அப்பாவின் பழைய மோட்டாரை வீட்டு வாசலில் உதைத்து ஸ்டார்ட் செய்தேன். கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு முதல் கியரைத் தட்டினேன். அப்படியே நிற்கவேண்டிய வண்டி முன்னால் பாய்ந்தது. வாசல் கால்வாயில் முன் சக்கரம் இறங்கிய பிறகுதான் எஞ்சின் நின்றது. என் ஆறு வயது மகள் அதற்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

மனைவி கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "என்னங்க, ஒன்னு இதைச் சரியா செய்யுங்க. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேகத்துக்கு அல்ல, நிதானத்துக்கு

அது யமஹா டிஒய் 175. 1970-களில் வந்த 'டிரையல்' வகை மோட்டார். டிரையல் போட்டியில் வேகம் முக்கியமல்ல. பாறை, ஓடை, சேற்று மேடு என்று குறித்துவைத்த பாதையைக் கால் தரையில் படாமல் கடக்கவேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு தண்டனைப் புள்ளி, விழுந்தால் ஐந்து. குறைவாக வாங்குபவரே வெற்றியாளர். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் டிரையல் போட்டியில் 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மிக் ஆண்ட்ரூஸ் யமஹாவில் வென்றார். டிஒய் வரிசை உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். தோட்ட நிர்வாகி ஒருவர் ஊர் மாறிப் போகும்போது இந்த வண்டியை அவருக்கு விற்றாராம். அப்பாவின் முழங்கால் தளர்ந்ததும் வண்டி கொட்டகைக்குள் போனது. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்ததைத்தான் நான் லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தேன். சாலை வரி இல்லை. சாலையில் ஓட்டும் எண்ணமும் இல்லை. ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே.

ஒட்டிக்கொண்ட தட்டுகள்

இந்த மோட்டாரின் கிளட்ச், எண்ணெய்க்குள் ஊறிக்கொண்டே வேலை செய்வது. உராய்வுத் தட்டு, இரும்புத் தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். கைப்பிடியை இழுத்தால் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். அன்று பாய்ந்ததற்கு முதல் காரணம் அதுதான். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டாவது காரணம் நானே செய்தது. கார் எஞ்சினுக்கு வாங்கியதில் மிஞ்சிய எண்ணெயைக் கியர்பெட்டியில் ஊற்றியிருந்தேன். கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அது உராய்வுத் தட்டுகளில் ஏறினால், ஒட்டியிருந்த தட்டுகள் பிரிந்த பிறகும் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி ஏறாது. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும்போது டப்பாவில் 'ஜேசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம் அது.

எண்ணெயை மாற்றி, கேபிளைச் சீராக்கி, கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டேன். பாதி சரியானது. சூடேறினால் மறுபடி இழுத்தது. மூடியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்தேன். இரும்புத் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், வளைவு இல்லை. ஆனால் தட்டுகளைத் தாங்கும் கூடையின் விரல்களில் சிறு சிறு பள்ளங்கள் விழுந்திருந்தன. தட்டின் காதுகள் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்வதால்தான் விலக முடியவில்லை. பள்ளம் ஆழமில்லாததால் மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினேன். ஆழமாக இருந்தால் கூடையையே மாற்றவேண்டும். புதிய உராய்வுத் தட்டுகளை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினேன். கிளட்ச் அடங்கியது.

எழுநூறு ரிங்கிட் பாடம்

அடுத்தது புகை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. இதுவோ நின்ற இடத்தில் தாமானையே மூடியது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ரிங் போய்விட்டது என்றார்கள். பிஸ்டன், ரிங், போரிங் எல்லாம் சேர்த்து எழுநூறு ரிங்கிட் செலவழித்தேன். வீட்டுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால் அதே புகை. மனைவியிடம் தொகையைச் சொல்லவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "தம்பி, கியர் எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. வடித்து அளந்தேன். ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். கீழே ஒரு சொட்டும் ஒழுகியிருக்கவில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் சுழலும் அறையும் கியர்பெட்டியும் தனித்தனி. கிளட்ச் பக்கம் இரண்டுக்கும் நடுவே கிராங்க் தண்டைச் சுற்றி இருப்பது ஒரு ரப்பர் ஆயில் சீல். பன்னிரண்டு ஆண்டுகளில் அது காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி வழியாகக் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது எஞ்சின்.

மேக்னெட் பக்கமும் இதேபோல் ஒரு சீல் உண்டு. அது போனால் புகை வராது. வெளிக்காற்று உள்ளே புகும். திராட்டலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காது. பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் இறுகிப்போகும் ஆபத்து அதில்தான் அதிகம். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னார் அப்பா. இரண்டு சீல்களும் முப்பது ரிங்கிட். எஞ்சினை இரண்டாகப் பிரித்துப் பூட்டிய கூலி தனி. பழைய பெட்ரோல் பசையாக அடைத்திருந்த காப்ரேட்டரின் சிறிய ஜெட்டையும் அப்போதே சுத்தம் செய்தோம். அதோடு நின்றுவிட்டது புகை.

வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். எண்ணெய் அளவு, கேபிள் தளர்வு, பிளக்கின் நிறம். எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை.

வீட்டில் ஒரு சட்டம்

அதன் பிறகு அந்தத் தொகையை மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு சட்டம் போட்டார்: பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தால் சக்கரம் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை இறக்கவேண்டும். மகள் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள். இன்றுவரை மீறியதில்லை.

பள்ளி விடுமுறையில் வண்டியை அப்பாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொல்லைப்புறத்தில் அவர் ஏறி, நடை வேகத்தில் ஒரு சுற்று வந்தார். பலா மர வேர் அருகே தடுமாறிக் காலை ஊன்றினார்.

"தாத்தா, ஒன்னு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.