லயத்து லாம்பும் ஆகாயத்துப் பிளேனும்



மண்ணெண்ணெய் என்றதும் கரண்ட் போன ராத்திரியில் லயத்துக் காம்பராவில் எரியும் குப்பி லாம்புதான் நமக்கு ஞாபகம் வரும். தலைக்கு மேலே போகும் பிளேன் ஞாபகத்துக்கு வராது. ஆனால் இரண்டுக்கும் சொந்தம் உண்டு. இதை என்னை யோசிக்க வைத்தவர் யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு பெரியவர்.

ஒரு கலியாண வீட்டுக்காக அங்கே போயிருந்தேன். விடியக்காலையில் கரையோரமாக நடந்தபோது, வலை தைத்துக்கொண்டிருந்த அவர் பேச்சுக் கொடுத்தார். “தம்பி, எங்கட போட்டுக்கு ஊத்துற எண்ணெயும் பலாலிக்கு வாற பிளேனுக்கு ஊத்துறதும் ஒண்டு எண்டு சொல்லுறாங்கள், மெய்யோ?” என்று கேட்டார். அப்போது எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து, படித்தவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நிலத்துக்கு அடியிலிருந்து எடுப்பது மசகு எண்ணெய். அதைச் சூடாக்கினால் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்று தனித்தனியாகப் பிரியும். அதில் மண்ணெண்ணெய்ப் பகுதியை நன்றாகச் சுத்தம் செய்து, கடுங்குளிரிலும் உறையாதபடி தயாரிப்பதுதான் பிளேன் எண்ணெய். ஆகவே பெரியவர் கேட்டது பெரும்பாலும் மெய்தான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று லாம்புக்கும் மீன்பிடிப் படகுக்கும் போனது, மற்றது ஆகாயத்துக்குப் போனது.

எண்ணெய் விலை ஏறினால் பிளேன் டிக்கட் ஏன் ஏறுகிறது? ஒரு விமானக் கம்பனியின் மொத்தச் செலவில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய்க்கே போகிறது. அது கூடும்போது கம்பனி டிக்கட் விலையைக் கூட்டும், இல்லாவிட்டால் ஆள் குறைந்த பயணங்களை நிறுத்தும். வேலைக்குப் போகிறவர் கடன்பட்டாவது போவார். ஊர் பார்க்க வருகிறவர் அப்படியல்ல, “இந்த வருஷம் வேண்டாம்” என்று பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார். ஐரோப்பாவிலிருந்து இலங்கை தூரம் என்பதால் அந்த அடி நமக்குச் சீக்கிரம் படும்.

2022ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரஷ்யா-உக்ரைன் யுத்தம் தொடங்கி, மார்ச் மாதத்தில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 120 டொலரைத் தாண்டியது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லீற்றர். நம் நாட்டிலோ டொலரே இல்லை. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் 360 ரூபா வரை போனது. ஆகவே நமக்கு விலை இரண்டு தடவை ஏறியது: டொலர் கணக்கில் ஒன்று, ரூபா கணக்கில் இன்னொன்று. கட்டுநாயக்காவில் எண்ணெய் தட்டுப்பாடாகி, சில விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அந்த ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. குருநகர்ப் படகுக்கும் நம் அடுப்புக்கும் ஒரே நாளில் விழுந்த அடி அது.

2018இல் நம் நாட்டுக்கு 23 லட்சத்துக்கும் மேல் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2022இல் வந்தது சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர்தான். இதற்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் கியூ எல்லாம் சேர்ந்துதான் இப்படியானது. 2024இல் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியது. பலாலியும் அப்படித்தான். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவால் 2020இல் நின்ற சென்னைப் பயணம் 2022 டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது.

“இதெல்லாம் துரைமார் விஷயம், கொழுந்து எடுக்கிற நமக்கென்ன?” என்று கேட்கலாம். நுவரெலியாவிலும் எல்லவிலும் ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் லயத்துப் பிள்ளைகள். பயணி வராவிட்டால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அவர்கள்தான்.

ஆனால் காசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் தேயிலையை வாங்குகிறவர்களில் ஈராக், ஈரான், ரஷ்யா போன்ற எண்ணெய் நாடுகள் முக்கியமானவை. அவர்கள் கையில் பணம் புழங்கினால் தேயிலைக்குக் கிராக்கி கூடும். ஈரானுக்குத் தரவேண்டிய சுமார் 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே அடைக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம்கூடச் செய்தார்கள். நீங்கள் பறித்த கொழுந்து எண்ணெய்க் கடனுக்குப் போயிருக்கிறது என்றால் பாருங்கள்!

ஆகவே மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள்:

1. ஹோட்டல் வேலை செய்யும் பிள்ளைகள் சீசன் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். சீசன் வருஷம் முழுக்க இருக்காது.

2. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், டிக்கட் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். “டிக்கட் விலை ஏறிவிட்டது, இன்னும் காசு கொண்டுவா” என்று சொன்னவுடன் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். அந்த ஏஜன்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. விலை ஏறும் என்ற பயத்தில் மண்ணெண்ணெயைக் கேன் கேனாகக் காம்பராவில் சேர்க்காதீர்கள். ஒரு லயத்தில் நெருப்புப் பிடித்தால் பத்துக் குடும்பம் தெருவில் நிற்கும்.

கடிதம் எழுதவோ ஏஜன்சி பற்றி விசாரிக்கவோ வேண்டுமானால் பெரட்டு முடிந்ததும் என்னிடம் வாருங்கள். குருநகர்ப் பெரியவருக்கும் இந்த இதழில் ஒன்றை அனுப்பி வைக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் கடன்பட்டிருக்கிறேன்.