வெட்கத்தால் முற்றும் வியாதி

அறந்தாங்கிக்கோ ஆலங்குடிக்கோ பஸ் ஏறுமுன், வழியில் இறங்க நேருமே என்றஞ்சித் தண்ணீரே பருகாத முதியோர் புதுக்கோட்டை ஜில்லாவில் பலர். காரணம் கேட்டால், "வயதாகிவிட்டது" என்பர். நீரிழிவுள்ளவரோ "எல்லாம் சர்க்கரை" என்பர். விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. இது முறையன்று என்பது நமது அபிப்பிராயம்.

மூத்திரப்பையின் அடியில், நீர்த்தாரையைச் சுற்றி, பிராஸ்டேட் என்னும் சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அது பருத்துத் தாரையை நெருக்குகிறது. இது புற்றுநோயன்று, ஆயினும் முதுமை ஒன்றின் வேலை என்றும் சொல்வதற்கில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன் உள்ளவர்களிடம் இச்சுரப்பி விரைவாய்ப் பருப்பதை ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஹாமர்ஸ்டெனும் அவரது சகாக்களும் 1998-ல் எடுத்துக் காட்டினர். வயிற்றில் கொழுப்பு மிகும்போது தேகம் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதில்லை; ஆகவே மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகுதியே சுரப்பியின் வளர்ச்சியையும் தூண்டுகிறது என வைத்திய நிபுணர் பலர் கருதுகின்றனர். இந்தியாவில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் கணக்கு வெளியாயிற்று. ஆகவே இது சொற்ப விஷயமன்று.

அலட்சியம் செய்தால் ஒரு நாள் நீர் முற்றும் அடைபடலாம்; மூத்திரக்காய்களும் கெடலாம். ஜலதோஷத்துக்கென்று கடையில் தாமே வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் கூட அந்த அடைப்பை உண்டாக்கிவிடும். வாரத்தில் 2, 3 மணி நேரம் நடப்பவர்களுக்கு இவ்வியாதி கால் பங்கு குறைவாயிருந்ததாக 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கூறுகிறது. பாத யாத்திரையை மறந்து மோட்டாரில் மேடைக்கு மேடை செல்லும் நமது தேசத் தொண்டர்கள் இதைக் கவனிப்பார்களாக!

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்டிரின் அவலங்களைச் சட்டசபையிலேயே கூசாமல் பேசினார். அவ்வூர் ஆடவர் வைத்தியரிடம் தனியே பேசக் கூசுவது விந்தையே.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்கின்றனர். இரவில் எத்தனை முறை எழுகிறீர் என்றும் கேட்கலாமே? கேட்க வருபவர் பெரும்பாலும் பெண்கள். ஆடவர் வாய் திறவார் என்பது மெய்தான். அதற்கும் வழியுண்டு. இந்நோயின் கடுமையை அளக்க அமெரிக்க வைத்தியர்கள் 1992-ல் ஏழு கேள்விகளை வகுத்தனர். அவற்றை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால், எழுத்தறிந்தவர் தாமே குறித்துத் தருவார். அறியாதவருக்கு மகனோ பேரனோ குறித்துக் கொடுக்கட்டும். புதுக்கோட்டையில் 2017-ல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி இப்பணியை உடனே மேற்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.