புதன்கிழமை மட்டும் பாடினால் போதாது

பிபிசி ரேடியோ 3-இல் புதன்கிழமை ஈவன்சாங் என்னும் ஆங்கிலிக்கன் மாலை ஆராதனை தொடங்கும்போது, பாட்டுக்கு முன்பே கட்டடம் காதில் விழுந்துவிடும். எந்தப் பேராலயம் என்பதை அறிவிப்பாளர் சொல்லி நிறுத்தியதும் சில நொடிகள் பேச்சே இருக்காது. உயரமான கற்கூரைக்குக் கீழே யாரோ இருமுகிறார்கள். ஒரு கூட்டம் எழுந்து நிற்கும் சரசரப்பு கேட்கிறது. அதற்குப் பிறகுதான், எங்கோ தூரத்திலிருந்து பாடகர் குழுவின் குரல் வருகிறது.

1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியிலிருந்து இதை முதன்முதலாக ஒலிபரப்பினார்கள். நிலையத்துக்கு வெளியே போய்ச் செய்யும் ஒலிபரப்புகளில் பிபிசியில் இவ்வளவு காலம் ஓடியது வேறெதுவும் இல்லை. இன்றும் பெரும்பாலும் நேரலைதான். பிரசங்கம் கிடையாது. நம்மூர் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மாலை ஆராதனைக்குப் போய்ப் பழகியவர்கள் அதன் வரிசையை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இதில் நான் காத்திருப்பது சங்கீதத்துக்காக. 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை எனப் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே அந்தப் புதன்கிழமை என்ன தேதி என்பதே என்ன பாடுவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். 15-ஆம் தேதி மாலை என்றால் 78-ஆம் சங்கீதம். 70-க்கும் மேற்பட்ட வசனங்கள். எகிப்தின் வாதைகளும், பிளந்த கடலும், வானத்திலிருந்து விழுந்த மன்னாவும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். ஒரு வசனம் இடப்புறமிருந்து வரும், அடுத்தது வலப்புறமிருந்து. எதிரெதிரே நிற்கும் இரண்டு அணிகள் மாறி மாறிப் பாடுகின்றன.

இந்தப் பாடும் முறையில் தாளக்கட்டு இல்லை. ஒரு ஸ்வரத்தின் மேல் மூன்று சொற்களும் வரலாம், பதினைந்து சொற்களும் வரலாம். பேசுகிற வேகத்திலேயே சொற்கள் நகர வேண்டும். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடைசி மெய்யெழுத்தில் வந்து நிற்க வேண்டும். எட்டு வயதுப் பையனும் ஐம்பது வயது பாஸ் பாடகரும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டும். இதை எழுதிக் காட்டிச் சொல்லித்தர முடியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மூத்த பிள்ளையின் பக்கத்தில் நின்று, அவன் எங்கே வாய் திறக்கிறான், எங்கே மூடுகிறான் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறது. காலையில் பள்ளிக்கு முன் பயிற்சி, மாலையில் மறுபடி பயிற்சி, பிறகு ஆராதனை. இதுதான் தினசரி வேலை.

என் கவலையும் இந்த தினசரி வேலையைப் பற்றியதுதான். புதன்கிழமை நாம் கேட்பது வாரத்தில் ஒரு நாள். திங்களும் செவ்வாயும் வியாழனும் மைக் இல்லாமல், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களுக்கு முன்னால் இதே ஆராதனை நடக்கிறது. அந்த நாட்கள் இருப்பதால்தான் புதன்கிழமை இருக்கிறது.

இசையமைப்பாளர் ஹெர்பர்ட் ஹவல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல் 1945 வரை, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஆர்கன் இசைஞரின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றிருந்தார். சிற்றாலயத்தில் நடக்கும் அன்றாட ஆராதனைக்குள் இருந்து வாழ்ந்த வருடங்கள் அவை. அங்கிருந்துதான் 1945-இல் பக்கத்துக் கிங்ஸ் கல்லூரிக்கான அவருடைய 'கொலேஜியம் ரெகாலே' மாலைப் பாடல்கள் வந்தன. மரியாளின் பாட்டைச் சிறுவர் குரல்கள் மட்டுமே மெல்லத் தொடங்குகின்றன. சிமியோனின் பாட்டில் ஒற்றை டெனர், சாகத் தயாராக இருக்கும் கிழவரின் நிதானத்தோடு முன்னால் வருகிறார். எங்கும் அதட்டல் இல்லை. ஒலிபரப்பில் இந்த இசை வரும் வாரத்தில் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருவது நல்லது.

இந்த அன்றாடத் தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1645-இல், நாடாளுமன்றம் ஜெபப்புத்தகத்தைத் தடை செய்தது. வூஸ்டர் பேராலயத்தில் 1646-இல் ஆராதனை நின்றபோது அங்கே ஆர்கன் வாசித்துவந்த தாமஸ் டாம்கின்ஸுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தடை விலகியது 1660-இல், இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபோது. இடையில் போனது வெறும் 15 ஆண்டுகள். இசைச்சுவடிகள் பல பத்திரமாக இருந்தன, பணமும் வந்தது. ஆனால் அரசரின் சொந்தச் சிற்றாலயத்தில்கூட ஓராண்டுக்கும் மேலாக மேல்குரல் பகுதியைச் சரியாகப் பாட ஒரு பையன் இல்லை என்று இசையமைப்பாளர் மேத்யூ லாக் எழுதிவைத்திருக்கிறார். கார்னெட் என்னும் மரக்குழல் வாத்தியத்தையும், பொய்க்குரலில் பாடும் ஆண்களையும் வைத்து ஒப்பேற்றினார்கள். ஹென்றி குக் என்பவர் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்துப் பழக்கிய பிறகே நிலைமை சீரானது. ஜான் ப்ளோவும் ஹென்றி பர்செலும் அந்தச் சிற்றாலயத்துப் பிள்ளைகள்தான். அன்று செலவுக்கு ஒரு அரசர் இருந்தார். இன்று யார் இருக்கிறார்கள்?

இப்போது தடைச்சட்டம் எதுவும் இல்லை. குறைவது மெதுவாக நடக்கிறது. பையன்களுக்கு முன்னைவிடச் சீக்கிரம் குரல் உடைகிறது. கற்றுத் தேறியதும் விடைபெறுகிறார்கள். பாடகர் பள்ளிகளை நடத்தும் செலவு கூடிக்கொண்டே போகிறது. சில இடங்களில் வாரநாள் ஆராதனைகளைக் குறைத்துவிட்டார்கள். சாலிஸ்பரி பேராலயம் 1991-இல் சிறுமியருக்கெனத் தனிக் குழு தொடங்கி, பிற பேராலயங்களுக்கும் வழி திறந்தது பெரிய ஆறுதல். அது நடந்திராவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஆளில்லாத ஆலயத்தில் இவ்வளவு செலவில் பாடுவதற்குப் பதில் அந்தப் பணத்தை ஏழைகளுக்குத் தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்விதான். ஆனால் ஆராதனையை நிறுத்தினால் அந்தப் பணம் ஏழைகளிடம் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் தெரியவில்லை.

2020-இல் பெருந்தொற்றால் குழுக்கள் கூடிப் பாட முடியாமல் போனபோது, பிபிசி பழைய பதிவுகளை எடுத்து ஒலிபரப்பியது. அருமையான பதிவுகள், அந்த நாட்களில் பெரிய துணை. ஆனால் வாராவாரம் அலமாரியிலிருந்து எடுத்தே ஓட்டிவிடலாம் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிட்டது. செலவைக் குறைக்க நினைக்கும் எவருக்கும் இந்த யோசனை ஒருநாள் வரும்.

அதற்கு முன் ஒலிபரப்பாளர்கள் ஒன்று செய்யலாம். விசேஷப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, வெளியூர்க்காரர்களைக் கூட்டி நடத்தும் புதன்கிழமைகளோடு, எப்போதாவது ஒரு சாதாரண வாரநாளையும் எடுத்துப் போடட்டும். அன்றைய தேதிக்குரிய சங்கீதம், அந்த ஊர்க் குழு, வந்திருக்கிற நாலு பேர், நடுவில் தடுக்கி விழுந்து எழும் ஒரு ட்ரெபிள் குரல், எல்லாம் அப்படியே வரட்டும். பேராலயங்கள் எதற்காகக் காசு கேட்கின்றன என்பது அப்போது ஒலிபரப்பைக் கேட்பவர்களுக்குப் புரியும்.