மகனைக் காப்பாற்றாத ஜீயஸ்

அகிலிஸ் தன் கவசத்தைப் பட்ரோக்ளஸுக்கு அணிவித்துப் போருக்கு அனுப்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். கப்பல்களை விட்டு எதிரிகளை விரட்டியதும் திரும்பிவிட வேண்டும் என்பது அவன் விதித்த நிபந்தனை. பட்ரோக்ளஸ் களத்தில் இறங்கியதுமே ட்ராய் படை சிதறுகிறது. ஓடுகிறவர்களைக் கடிந்துகொண்டு, தேரிலிருந்து குதித்து, அவனுக்கு எதிரே வந்து நிற்கிறான் சார்ப்பீடன்.

இவன் லிசியாவின் தலைவன். இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலையில் இருந்த நாடு அது. ஹெலனுக்காக மூண்ட சண்டையில் அவனுக்குச் சொந்தப் பகை எதுவும் கிடையாது. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, ட்ராய்க்குத் துணையாகத் தொலைதூரத்திலிருந்து வந்தவன். இன்னொன்றும் உண்டு. அவன் ஜீயஸின் மகன். மனிதப் பெண்ணுக்குப் பிறந்ததால் மரணம் உள்ள மகன்.

இலியட்டின் 16-ஆவது காண்டத்தில் வரும் இந்தக் கட்டத்தைத்தான் கிரேக்கர்களின் தெய்வ நம்பிக்கைக்குள் நுழையச் சரியான வாசலாக நான் கருதுகிறேன். மேலிருந்து பார்க்கும் ஜீயஸின் மனம் இரண்டாகப் பிளக்கிறது. மகனை உயிரோடு தூக்கிக்கொண்டு போய் லிசியாவில் விட்டுவிடலாமா, பட்ரோக்ளஸின் கையால் சாக விடலாமா? மனைவி ஹீராவிடம் வாய்விட்டே கேட்கிறார். இத்தனைக்கும் சார்ப்பீடன் சாவான் என்று முந்தைய காண்டத்தில் முன்னறிவித்தவரும் அவரேதான்.

விதிக்கு முன்னால் ஜீயஸும் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹோமர் அப்படிச் சொல்லவில்லை. ஹீராவின் பதிலைக் கவனியுங்கள். உன்னால் முடியாது என்று அவள் சொல்வதே இல்லை. செய்துகொள், ஆனால் மற்ற தெய்வங்கள் ஒப்ப மாட்டோம் என்கிறாள். ட்ராயைச் சுற்றிப் போரிடுகிறவர்களில் தெய்வங்களின் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நீ ஒருவனைக் காப்பாற்றினால் நாளை ஒவ்வொருவரும் தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று எச்சரிக்கிறாள். ஜீயஸுக்கு வலிமை குறைவில்லை. அவர் அதைப் பயன்படுத்தினால் உலக ஒழுங்கு குலையும், அவ்வளவுதான். 22-ஆவது காண்டத்தில் ட்ராய் வீரன் ஹெக்டருக்காக அவர் மனம் இளகும்போது, அத்தீனாவும் இதே சொற்களால்தான் தடுக்கிறாள். விதியை ஹோமர் இரும்புச் சங்கிலியாகக் காட்டவில்லை. அதை மீறக்கூடியவரே மீறாமல் இருப்பதால்தான் அது நிற்கிறது.

ஜீயஸ் சம்மதிக்கிறார். மகனுக்காகப் பூமியின்மேல் இரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறார்.

சண்டை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. சார்ப்பீடனின் முதல் ஈட்டி பட்ரோக்ளஸைத் தவறவிட்டு ஒரு குதிரையைக் கொல்கிறது. அகிலிஸின் தேரில் பூட்டியிருந்த மூன்று குதிரைகளில் ஸாந்தஸும் பாலியஸும் சாவற்றவை. அவற்றோடு ஓடிய பெடாஸஸ் மட்டும் சாதாரணக் குதிரை. ஈட்டி அதைத்தான் தேடிப் பிடிக்கிறது. அடுத்து வீசியதும் பட்ரோக்ளஸின் இடது தோளுக்கு மேலாகப் போய்விடுகிறது. பட்ரோக்ளஸின் ஈட்டி குறி தவறவில்லை. இதயத்தை ஒட்டிப் பாய்கிறது. சாகும் நேரத்திலும் சார்ப்பீடன் நண்பன் கிளாக்கஸை அழைத்து, தன் கவசத்தை எதிரிகள் உரித்துக்கொண்டு போக விடாதே என்றுதான் கேட்கிறான்.

அந்தக் கிளாக்கஸிடம் அவன் முன்பு பேசிய பேச்சு 12-ஆவது காண்டத்தில் இருக்கிறது. இலியட் முழுவதிலும் என்னை இந்த அளவு உலுக்கிய பேச்சு வேறு இல்லை. ஊரில் நமக்கு மட்டும் ஏன் முதல் இருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த மதுக்கிண்ணம், ஸாந்தஸ் ஆற்றங்கரையில் விளைநிலம் என்று கேட்கிறான். முன்வரிசையில் நின்றால்தான் அதற்கெல்லாம் நாம் தகுதியானவர்கள். அதோடு விடவில்லை. இந்தப் போரில் தப்பினால் மூப்பும் சாவும் இல்லாமல் என்றைக்கும் வாழலாம் என்றிருந்தால், நானும் போரிட மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன் என்கிறான். சாவு எப்படியும் வரப்போகிறது. ஆகவே போவோம், புகழ் நமக்கோ எதிரிக்கோ கிடைக்கட்டும்.

தெய்வங்களுக்கு ஏன் புகழ் இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. 5-ஆவது காண்டத்தில் கிரேக்க வீரன் டயோமிடிஸ் போர்த் தெய்வமான ஏரிஸையே ஈட்டியால் குத்துகிறான். ஏரிஸ் பத்தாயிரம் பேர் கத்துவதுபோல அலறிக்கொண்டு மேலே ஓடுகிறான். மருந்து போடுகிறார்கள், ஆறிவிடுகிறது. குளித்துப் புத்தாடை உடுத்தி ஜீயஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்குப் பணயம் வைக்க எதுவும் இல்லை, அதனால் ஈட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. ஒலிம்பஸ் முழுவதும் தேடினாலும் சார்ப்பீடனின் வீரத்துக்கு நிகராக ஒரு செயல் கிடைக்காது.

சார்ப்பீடனின் உடலைச் சுற்றிச் சண்டை நீள்கிறது. தலை முதல் கால்வரை இரத்தமும் புழுதியும் ஆயுதங்களும் மூடி, தெரிந்தவனுக்கும் அடையாளம் தெரியாத நிலை. கவசத்தைக் கடைசியில் கிரேக்கர்கள் உரித்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஜீயஸின் ஆணைப்படி அப்பல்லோ உடலை எடுத்துப் போய், ஆற்றுநீரில் கழுவி, அமுதம் பூசி, உறக்கம், மரணம் என்ற இரட்டையரிடம் ஒப்படைக்கிறான். லிசியாவில் உறவினர்கள் மேடெழுப்பிக் கல் நாட்டுவார்கள். உயிரைக் கொடுக்க முடியாத தகப்பன் செய்தது இவ்வளவுதான்.

பொ.மு. 515 வாக்கில் ஏதென்ஸில் யூஃப்ரோனியோஸ் இந்தக் காட்சியை ஒரு மதுக்கலயத்தில் தீட்டினார். சிறகுள்ள இருவர் குனிந்து தூக்கும் பெரிய உடலின் காயங்களிலிருந்து இரத்தம் கோடு கோடாக வழிகிறது. ஹோமரில் இல்லாத ஹெர்மிஸ் நடுவில் நிற்கிறார். இத்தாலியில் செர்வெட்டெரி அருகே ஒரு கல்லறையிலிருந்து களவாடப்பட்ட அந்தக் கலயத்தை 1972-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-இல் அது இத்தாலிக்குத் திரும்பியது.

களத்தில் பட்ரோக்ளஸ் இப்போது அகிலிஸின் நிபந்தனையை மறந்துவிட்டான். ட்ராயின் மதில்மேல் மும்முறை ஏறுகிறான். மும்முறையும் அப்பல்லோ தள்ளிவிடுகிறான். நான்காம் முறை எச்சரிக்கையும் வருகிறது: இந்நகரம் உன் ஈட்டிக்கு விழாது, அகிலிஸின் ஈட்டிக்கும் விழாது. பட்ரோக்ளஸ் பின்வாங்குகிறான், ஆனால் கூடாரத்துக்குத் திரும்பவில்லை. அவன் முடிவுக்குக் காரணம் ஜீயஸின் திட்டமா, அவனுடைய மதிமயக்கமா? ஹோமர் இரண்டையுமே சொல்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)