சரிபாதியாக வெட்டுவோம்!

ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் ஒரு நேர்கோடு போடுங்கள். நீளத்தை அளக்க வேண்டாம். இப்போது அளவுகோலில் உள்ள எண்களைப் பார்க்காமல் அந்தக் கோட்டின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். முடியுமா?

தாளை மடித்துக் கோட்டின் ஒரு முனையை மறுமுனைமேல் பொருத்தி, மடிப்பை நகத்தால் நீவினால் நடுப்புள்ளி கிடைத்துவிடும். நல்ல வழிதான். ஆனால் கோடு சுவரிலோ பலகையிலோ இருந்தால் எப்படி மடிப்பது? அதற்குத்தான் உங்கள் ஜியாமெட்ரி பெட்டியில் கவராயம் இருக்கிறது.

கோட்டின் இரு முனைகளுக்கும் அ, ஆ என்று பெயர் வைப்போம். கோட்டின் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கவராயத்தை விரித்துக்கொள்ளுங்கள். முள்ளை ‘அ’வில் ஊன்றி, கோட்டுக்கு மேலே ஒரு வில், கீழே ஒரு வில் வரையுங்கள். விரிப்பை மாற்றாமல் ‘ஆ’விலும் முள்ளை ஊன்றி அதேபோல வரையுங்கள். விற்கள் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தால், இணைத்த கோடு உங்கள் கோட்டைச் சரியாக நடுவில், செங்குத்தாக வெட்டும்.

இப்படி ஒன்றை அளவு மாறாத இரண்டு பங்காக்குவதற்கு இருசமக் கூறிடுதல் என்று பெயர். வெட்டுகிற கோடு இருசமவெட்டி. வெறுமனே இரண்டாகப் பிரிப்பது வேறு, இருசமக் கூறிடுவது வேறு. ஒரு துண்டு மயிரிழை பெரிதாக இருந்தாலும் அது இருசமவெட்டி ஆகாது.

சரி, நடுவில் வெட்டுகிறது என்று எப்படி நம்புவது? ‘அ’, ‘ஆ’, விற்கள் வெட்டிய இரண்டு புள்ளிகள் ஆகிய நான்கையும் இணைத்துப் பாருங்கள். கவராயத்தின் விரிப்பு மாறவே இல்லை என்பதால் நான்கு பக்கங்களும் சமம். கிடைப்பது ஒரு சாய்சதுரம். அதைப் புதிதாக வரைந்த கோட்டின் வழியே மடித்தால் இடப்பாதி வலப்பாதியின் மேல் அப்படியே பொருந்தும். கவராயம் செய்ததும் அதே மடிப்புதான், தாளை மடிக்காமலே!

இந்த இருசமவெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன்மேல் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் சம தூரத்தில் இருக்கும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று ஊர்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு வெட்ட வேண்டும், மூன்று ஊர்க்காரர்களும் ஒரே தூரம் நடக்க வேண்டும் என்றால் இடத்தை எப்படித் தேர்வது? வரைபடத்தில் முதல் ஊரையும் இரண்டாம் ஊரையும் இணைத்து ஓர் இருசமவெட்டி, இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்து இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடமே கிணற்றுக்கான இடம். மூன்றாவது இருசமவெட்டியைப் போட்டுப் பார்த்தால் அதுவும் அதே புள்ளிக்கு வந்து சேரும். வடிவியலில் எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் இது.

கோணத்தையும் இதே கவராயத்தால் பாதியாக்கலாம். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம் நூலின் முதல் பகுதியிலேயே கோணத்தையும் கோட்டையும் பாதியாக்கும் முறைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 90 பாகையைப் பாதியாக்கினால் 45. மறுபடி பாதியாக்கினால் 22½. இன்னொரு தடவை, 11¼. கப்பல் மாலுமிகளின் பழைய திசைகாட்டியில் 32 திசைகள் இருக்கும். நான்கு திசை எட்டாகி, பதினாறாகி, முப்பத்திரண்டான கணக்கு அது. தச்சர் வைத்திருக்கும் டேப்பில் அங்குலம் அரையாக, காலாக, அரைக்காலாகப் பிரிவதும் இப்படித்தான்.

பாதியாக்குவது இவ்வளவு சுலபம் என்றால் கோணத்தை மூன்று சம பங்காக்குவதும் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? எண்கள் இல்லாத அளவுகோலும் கவராயமும் மட்டுமே வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். 60 பாகைக் கோணம் ஒன்றை வரைந்து, அதன் இரு கைகளிலும் சம நீளத்தில் புள்ளி வைத்து, அவற்றை இணைத்து, இணைத்த கோட்டை மூன்று சம பங்காக்கலாம் என்று முதலில் தோன்றும். கோட்டை மூன்றாக்க முடியும். ஆனால் அதன்படி கோணத்தைப் பிரித்தால் நடுப்பங்கு ஏறக்குறைய 22 பாகையும் ஓரப்பங்குகள் சுமார் 19 பாகையும்தான் வரும். கோடு சமமாகப் பிரிந்தும் கோணம் பிரியவில்லை!

கிரேக்கர் காலம் தொட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் இதற்கு வழி தேடினார்கள். 1837இல் பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணிதர், எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும் அப்படி ஒரு வழி கிடையவே கிடையாது என்று நிரூபித்தார். அளவுகோலும் கவராயமும் சேர்ந்தால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் வரைதான் போக முடியும். 60 பாகையை மூன்றாக்க வேண்டுமானால் மூன்றாம் படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அது அந்தக் கருவிகளின் கைக்கு எட்டாது. 90 பாகை போன்ற சில கோணங்கள் மட்டும் விதிவிலக்கு. ஒன்றைச் செய்ய முடியாது என்று உறுதியாகக் காட்டுவதும் பெரிய கண்டுபிடிப்புதான். வியப்பு என்னவென்றால், தாள் மடிப்புக்கு இந்தத் தடை இல்லை. ஜப்பானைச் சேர்ந்த ஹிசாஷி அபே, தாளை மடித்தே கோணத்தை மூன்றாக்கும் வழியைக் காட்டினார்.

பாதியாக்கும் வித்தை கோட்டோடும் கோணத்தோடும் நிற்பதில்லை. வரிசையாக அடுக்கிய பெயர்களில் ஒன்றைத் தேடும்போது கணினி முதலில் நடுப்பெயரைப் பார்க்கும். தேடும் பெயர் அதற்கு முன்னால் என்றால் பின்பாதியை முழுவதும் ஒதுக்கிவிடும். மிச்சத்தில் மறுபடி நடு, மறுபடி பாதி. இதற்கு இருமத் தேடல் என்று பெயர்.

நீங்களும் செய்து பார்க்கலாம். 1 முதல் 1000 வரை ஏதாவது ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும்படி நண்பரிடம் சொல்லுங்கள். “500ஐவிடப் பெரியதா?” என்று தொடங்குங்கள். ஆம், இல்லை என்பது மட்டுமே பதில். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் எண்களைச் சரிபாதியாக வெட்டியே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பத்துக் கேள்விகளுக்குள் எண் பிடிபட்டுவிடும். 1 முதல் பத்து லட்சம் வரை என்றால் எத்தனை கேள்விகள் தேவைப்படும்? இருபதே போதும். ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்.