விடுமுறைக்கு ஒரு காதல் கதை, ஒரு கொலைக் கதை: ஜோகூர் தமிழ் இளைஞர்கள் எதைப் படிக்கலாம்?

மெர்சிங் படகுத்துறையில் கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. கடல் வற்றிக் கிடந்தால் படகு கிளம்பாது. தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ராவா, பெசார், தியோமான் என்று தீவுப் பக்கம் போகிற ஜோகூர்க்காரர்களுக்கு இது பழகிய விஷயம். போனில் சார்ஜ் தீர்ந்ததும் கை பைக்குள் போகும். அங்கே ஒரு நாவல் இருந்தால் பிழைத்தோம்.

அண்மையில் நான் எடுத்துப்போனவை மூன்று. ஆங்கிலத்தில் ஒரு காதல் நாவல், மலாயில் ஒரு திகில் நாவல், தமிழில் ஒரு பாக்கெட் நாவல். கூட வந்த சித்தி மகள் அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னக்கா, தமிழ்ல இந்த மாதிரிலாம் இருக்கா? நான் எஸ்பிஎம் புக்குன்னு நெனச்சேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. ஜோகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறோம். அதன்பின் தமிழ் நாவல் என்பது பெரும்பாலும் தேர்வுக்கான ஒன்று: கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, படிப்பினை. ஜாலியாக வாசிப்பதற்கு ஆங்கிலமும் மலாயும். ஒரு மொழியில் மார்க்குக்காக மட்டும் வாசித்தால், கிண்டலடிக்க, பயப்பட, காதலைச் சொல்ல அந்த மொழியில் வார்த்தை வராமல் போய்விடும். 'லைட் ரீடிங்' விஷயத்தில் எனக்குக் கவலை இதுதான்.

எது காதல் நாவல், எது மர்ம நாவல்?

ஆங்கிலப் பதிப்புலகில் 'ரொமான்ஸ்' என்று அட்டையில் போட்டால் அதற்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாக இருக்க வேண்டும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கமும் இப்படித்தான் வரையறுக்கிறது. கடைசியில் நாயகன் செத்துப்போனால் அது காதல் பற்றிய நாவல், ஆனால் ரொமான்ஸ் இல்லை.

மர்ம நாவலின் ஒப்பந்தம் வேறு. துப்பறிபவருக்குத் தெரிந்த தடயம் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதற்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் ஐந்தாவது விதி, கதையில் சீனர் யாரும் வரக்கூடாது என்பது! அந்தக் கால மலிவு நாவல்களில் வில்லன் என்றாலே ஒரு மர்மமான சீனராக இருந்ததால், அந்தத் தேய்ந்த பாணியைக் கேலி செய்யத்தான் அவர் அப்படி எழுதினார். ஆனாலும் ஒன்று புரிகிறது. ஒரு கதையில் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு எந்த வேடம் கிடைக்கிறது என்பது பழைய கேள்வி.

விடுமுறை நாவல் தனி வகை என்பதைவிட ஒரு மேடை என்று சொல்லலாம். அகதா கிறிஸ்டி 'டெத் ஆன் தி நைல்' (1937), 'ஈவில் அண்டர் தி சன்' (1941) இரண்டிலும் இந்த மேடையைத்தான் போட்டார். ஊரைவிட்டு வந்த பத்துப் பேர், ஒருவரைப் பற்றி மற்றவருக்கு முழுதாகத் தெரியாது, வெளியே போக வழியும் சுலபமில்லை. தண்ணீர் ஏறாமல் படகு வராத மெர்சிங் தீவு ஒன்றை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தில்: பிணமாக அம்பிகா, காதலனாக சுரேஷ்

மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் ஷாமினி ஃபிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங் வரிசையிலிருந்து தொடங்கலாம். முதல் நாவல் 'எ மோஸ்ட் பெக்யூலியர் மலேசியன் மர்டர்' 2009-இல் வந்தது. சிங் தொப்பை போட்ட சீக்கியர், சிங்கப்பூர் போலீஸ். தலைப்பாகை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, ஓயாத சிகரெட். முன்னாள் கணவரைக் கொன்றதாகக் கைதான ஒரு சிங்கப்பூர்ப் பெண்ணுக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்பப்படுகிறார். துப்பறியும் பகுதி சுமார்தான். கொலையாளியை நான் முன்னமே ஊகித்துவிட்டேன். ஆனால் குழந்தைகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் சிவில் சட்டமும் ஷரியா சட்டமும் மோதும் இடம் நாம் செய்தியில் பார்த்தது போலவே இருக்கிறது. அடுத்த நாவலில் சிங் பாலித் தீவுக்குப் போகிறார். 2002 குண்டுவெடிப்பில் இறந்ததாக நினைத்த ஒருவர், குண்டு வெடிப்பதற்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார். எனக்கு முதலாவதைவிட இது பிடித்தது.

இன்னும் லேசாக வேண்டுமென்றால் ஒவிடியா யூவின் 'ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்' (2013). செந்தோசா கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது; சமையல்காரப் பெரானாக்கான் ஆன்ட்டி ஒருவர் மூக்கை நுழைத்துக் கண்டுபிடிக்கிறார். ரத்தம் அதிகம் தெரியாது, சாப்பாடு நிறையத் தெரியும். இந்த ரகத்துக்கு 'கோசி மிஸ்ட்ரி' என்று பெயர். பசி நேரத்தில் படிக்காதீர்கள்.

யாங்சே சூ எழுதிய 'தி நைட் டைகர்' (2019) வேறு தரம். 1931, ஈப்போவும் பத்து காஜாவும், வெட்டப்பட்ட ஒரு விரல், புலியாக மாறும் மனிதன் பற்றிய நம்பிக்கை, நடுவில் ஒரு காதல். ஹாலிவுட் நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் தன் புத்தகக் குழுவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். ஒரே மூச்சில் படித்தேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. அதில் வரும் அம்பிகா ஒரு தமிழ்ப்பெண், ரப்பர்த் தோட்டத்தில் பிணமாகக் கிடப்பவள். வெள்ளைக்கார டாக்டரோடு அவளுக்கிருந்த உறவுதான் கதைக்குத் தேவை. அவள் என்ன நினைத்தாள், எதற்குச் சிரிப்பாள் என்று நமக்குத் தெரிய வருவதே இல்லை. எழுத்தாளரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மர்ம நாவலில் ஒரு பிணம் வேண்டும், 1930-களின் பேராக்கில் தோட்டத்துத் தமிழர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அம்பிகா என்ற பெயரில் அத்தையோ டீச்சரோ உள்ள ஒருவருக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரிதான் இருக்கும்.

இதற்கு நேர் எதிராக லாரன் ஹோவின் 'லாஸ்ட் டாங் ஸ்டாண்டிங்' (2020). நாயகி ஆண்ட்ரியா சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியச் சீன வழக்கறிஞர், 33 வயது. வீட்டில் "எப்பக் கல்யாணம்?" என்ற நச்சரிப்பு. ஒரு பக்கம் பெரும் பணக்காரர் ஒருவர். இன்னொரு பக்கம் ஆபீசில் அவளோடு பதவி உயர்வுக்குப் போட்டியிடும் சுரேஷ். நாட்குறிப்பு நடையில் ஓடுகிறது, பாதிக்கு மேல் கொஞ்சம் இழுவை. இருந்தாலும் சுரேஷ் என்று பெயருள்ள ஒருவன் மனத்தைக் குழப்பும் அழகனாக வருவதே எனக்குச் செம ஆச்சரியம். தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் ஜோகூர்ப் பெண்களுக்கு அந்த வீட்டு நச்சரிப்பு புதிதாக இருக்காது, மொழிதான் வேறு.

மலாயில்: அழுகையும் அதிரடியும்

மலாய்க் காதல் நாவல்களுக்கு இங்கே பெரிய சந்தை உண்டு. நாவல் ஹிட்டானால் டிவி தொடராகும், படமாகும். பௌசியா அஷாரியின் 'ஓம்பாக் ரிண்டு' 2011-இல் படமாகித் திரையரங்குகளை நிரப்பியது. என் வகுப்பில் அழாமல் படித்த ஆளே இல்லை. இப்போது திரும்ப எடுத்தால் என்னால் முடியவில்லை. மாமாவால் விற்கப்பட்ட பெண், தன்னைக் கெடுத்தவனையே மணந்து அவனைக் காதலிக்கிறாள். அவன் திருந்துவதற்கு அவளுடைய பொறுமைதான் விலை. அப்போது இது 'ஸ்வீட்' என்று எப்படித் தோன்றியது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக 2011-இல் அமிர் முகம்மது தொடங்கிய பூக்கு ஃபிக்ஸி நகரத்துக் குற்றக் கதை, திகில் பக்கம் போனது. பேச்சு மொழி, ஒற்றைச் சொல் தலைப்பு, வேகம். ஆங்கிலத்திலும் 'கேஎல் நுவார்' என்று தொகுப்புகள் போட்டார்கள். மலாய் நமக்குச் சரளமாக வரும் என்பதால் பேருந்தில் படிக்க இவை ஏற்றவை.

தமிழில்: கதை நிறைய, நம்ம ஊர்தான் இல்லை

தமிழில் லைட் நாவலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நடேச சாஸ்திரி 1894-லேயே 'தானவன்' என்ற போலீஸ் துப்பறிவாளரை வைத்துக் கதை எழுதிவிட்டார். மலேசியத் தமிழ் நாவலின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1917-ஆம் ஆண்டு நாவலின் பெயர் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. எழுதியவர் வெங்கடரத்தினம். தலைப்பிலேயே காதல்! ஆக, காதல் கதை நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

அம்மாக்கள் தலைமுறையில் ரமணிசந்திரன் கைமாறிக் கைமாறி வீடுகளைச் சுற்றி வந்தார். "ஏம்மா, அந்தப் புக்க முடிச்சிட்டியா? பின்னாடி வீட்டு அக்கா கேக்குது." எங்கள் வீட்டில் இது வாராவாரம். திமிர் பிடித்த பணக்கார நாயகன், தன்மானமுள்ள நாயகி, ஒரு தவறான புரிதல், கடைசியில் சமாதானம். நாயகனின் திமிரைத்தான் இன்று சகிக்க முடியவில்லை. ஆனால் நாயகி மனத்துக்குள் பேசிக்கொள்ளும் தமிழ் நல்ல தமிழ். கோபத்தையும் வெட்கத்தையும் எப்படிச் சொல்வது என்று அதில்தான் நான் கற்றேன்.

மர்மத்துக்கு ராஜேஷ்குமார். கோவைக்காரர், 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள், துப்பறிவாளர் விவேக். இரண்டு மணி நேரத்தில் முடியும். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சுஜாதாவை அந்த வரிசையில் வைக்க முடியாது. வழக்கறிஞர் கணேஷ் 1968-இல் 'நைலான் கயிறு' வழியாக வந்தார். பிறகு வசந்த் சேர்ந்துகொண்டார். வசந்தின் வாய்த்துடுக்கு இன்றைக்கும் பழசாகவில்லை. வெளிநாட்டுப் பயணம், நடிகை, மர்மம் மூன்றும் சேர்ந்த தமிழ் நாவல் வேண்டுமென்றால் 'பிரியா'. நாவல் லண்டனில் நடக்கிறது. 1978-இல் ரஜினிகாந்த் கணேஷாக நடித்துப் படமானபோது கதை சிங்கப்பூர் பக்கம் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் அந்தப் படத்தைப் போட்டு, "இது எந்த இடம் தெரியுமா?" என்று காட்டுவார்கள். நம்ம பக்கத்து இடத்தைத் திரையில் பார்த்தால் அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சந்தோசம்தான் மலேசியத் தமிழில் குறைவாகக் கிடைக்கிறது. நாவல்களே இல்லை என்பதல்ல. அ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலை எழுதினார். ம. நவீனின் 'பேய்ச்சி' 2019-இல் வந்து, 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சின் தடைக்கு ஆளானது. தோட்டம், போர், இழப்பு என்று கனமான நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' பினாங்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ராகிங், நட்பு, காதல் என்று நகர்கிறது. கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். சிறுவர்களுக்கு கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த பக்கம் திருப்பும் புத்தகம்.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், 16 முதல் 30 வயது வரை, கூலாயிலோ குளுவாங்கிலோ நடக்கும் ஒரு காதல் நாவல் எங்கே? காரணத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இங்கே தமிழ் நூல் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தக் காசில் அச்சாகி, வெளியீட்டு விழாவில் பிரமுகர்களும் நண்பர்களும் வாங்குவதை நம்பி நிற்கிறது. மாலை மரியாதையோடு வெளியிடும் நூல் 'கனமாக' இருக்க வேண்டும் என்ற கூச்சம் எழுதுபவருக்கு வந்துவிடுகிறது. முத்தத்தோடு முடியும் கதைக்கு எந்த டத்தோ தலைமை தாங்குவார்? கதைகளுக்கு இடம் கொடுத்த பழைய நாளிதழ்களில் 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.

சரி, எங்கே கிடைக்கும்?

2016 இறுதியில் கிண்டிலில் தமிழ் வந்தது. பெங்களூரில் 2014-இல் தொடங்கிய பிரதிலிபியில் தமிழ்க் காதல் தொடர்கள் கொட்டிக் கிடக்கின்றன. எச்சரிக்கை ஒன்று: அங்கே 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் கட்டாயக் கல்யாணக் கதைகள் ஏராளம். 'ஓம்பாக் ரிண்டு'வில் எனக்கு இருந்த அதே பிரச்சினை. பிடிக்காவிட்டால் பாதியிலேயே மூடி வைக்கலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் கட்டணம் கட்டி அங்குள்ள பொது நூலகங்களில் சேரலாம். தமிழ் அலமாரி நன்றாகவே இருக்கும். இங்கே வாங்கும் புத்தகத்துக்கு ரசீதை வைத்திருங்கள், வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் சேரும்.

மெர்சிங்கில் தண்ணீர் ஏறியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சித்தி மகள் என் பாக்கெட் நாவலை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். தீவில் இறங்கும்போது கேட்டாள்: "அக்கா, கொன்னது அந்த டிரைவர்தானே? சொல்லிடாத, சொல்லிடாத."