உங்களுக்குத் தெரியுமா? தோண்டினால் ஊருக்கும் பங்கு!

சேர்வராயன் மலையுச்சிச் செம்மண்ணில் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில், சேலம் பக்கம், வெள்ளை வெளேரென்று மாக்னசைட். ஏற்காட்டில் வெட்டிய பாக்சைட் மலையிறங்கிப் போய், மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியம் ஆனது. ராயல்டி அரசுக் கஜானாவுக்குப் போனது. மலைக்கு? குழிதான்!

2015இல் மத்திய அரசு கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் கனிம அறக்கட்டளை அமைக்க வழிசெய்தது. ராயல்டி போக, அதில் 30 சதவீத அளவுக்குப் பழைய குத்தகைதாரர்கள் அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும், 12.1.2015 முதல் ஏலத்தில் எடுத்தவர்களுக்கு 10 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல், நிதியில் குறைந்தது 60 சதவீதத்தைக் குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்குச் செலவிடச் சொன்னது. சாலை, பாலமெல்லாம் மிச்சத்தில்தான். ஆனால் அந்த வழிகாட்டுதலில் சுற்றுச்சூழலுக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை; பள்ளிக் கட்டடத்தோடு மரக்கன்று மல்லுக்கட்ட வேண்டும். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

சட்டம் வருமுன் வெட்டியதற்கு இந்தக் கணக்கு கிடையாது. மேட்டூரில் அலுமினிய உற்பத்தியோ 2008இலேயே நின்றுவிட்டது; அங்கே போன ஏற்காட்டு பாக்சைட்டுக்கு இந்தப் பங்கு இல்லை.